சரீரமும் இரட்சிக்கப்படும்

(யாழ்ப்பாணத்தில் லெந்து காலக் (தவக்காலக்) கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

போதகர் ஐயாவுக்கும் சபையோர் எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் ஊர்ச் செத்தவீடுகளில் ஆறுதல் சொல்ல வருகிறவர்கள், "கிடக்கிறது வெறும் கூடுதானே, ஆள் கர்த்தரிட்டப் போயிட்டார்" என்பார்கள். அன்போடு சொல்வதுதான். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் விசுவாசப் பிரமாணத்தில் சரீரம் உயிர்த்தெழும் என்று எழுந்து நின்று அறிக்கையிடுகிறவர்களும் நாங்கள்தான். வெறும் கூடு என்றால் அது ஏன் உயிர்த்தெழ வேண்டும்? இதைத்தான் இன்றைக்கு உங்களோடு பேச வந்தேன்.

ஆத்துமா பரிசுத்தம், உடம்பு அழுக்கு என்ற எண்ணம் சபைக்குள் மிகப் பழையது. இரண்டாம் நூற்றாண்டிலேயே சிலர், சடப்பொருள் கெட்டது, இயேசுவுக்கு இருந்தது மெய்யான உடம்பல்ல, வெறும் தோற்றம் என்று போதித்தார்கள். லியோன் நகரத்து ஆயர் இரேனேயு ஏறத்தாழ கி.பி. 180இல் அவர்களை எதிர்த்து விரிவாக எழுதினார். உடம்பைப் படைத்த கடவுளும் ஆத்துமாவை மீட்கிற கடவுளும் ஒருவரே என்பதுதான் அவருடைய வாதம். திருச்சபை அவர் பக்கமே நின்றது.

லூக்கா 24ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். உயிர்த்தெழுந்த ஆண்டவர் நடுவில் வந்து நிற்க, சீஷர்கள் ஆவி என்று பயப்படுகிறார்கள். என்னைத் தொட்டுப் பாருங்கள் என்கிறார். அப்போதும் அவர்களால் நம்ப முடியவில்லை. சரி, சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார்! பொரித்த மீன்துண்டைக் கொடுக்கிறார்கள், அவர்கள் கண்முன்னே வாங்கிச் சாப்பிடுகிறார். யோவான் இன்னும் ஒருபடி மேலே போகிறார். அங்கே ஆண்டவரே கரையில் கரிநெருப்புப் போட்டு, மீன் வைத்து, இரவு முழுவதும் வலை போட்டுக் களைத்து வந்தவர்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். பாசையூரிலும் குருநகரிலும் விடியற்காலையில் கரைக்கு வருகிறவர்களுக்கு அந்தப் பசி தெரியும். மரணத்தை வென்றவர் முதலில் கவனித்த காரியங்களில் அதுவும் ஒன்று.

அப்படியென்றால் அப்போஸ்தலன் பவுல் மாம்சத்தை, அதாவது சதையை, கண்டிக்கவில்லையா என்று கேட்பீர்கள். கண்டிக்கிறார். ஆனால் கலாத்தியர் 5இல் மாம்சத்தின் கிரியைகள் என்று அவர் தரும் பட்டியலை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். விபசாரம், வெறி எல்லாம் இருக்கின்றனதான். அவற்றோடு பகை, விரோதம், கோபம், சண்டை, பிரிவினை, பொறாமையும் வரிசையாக வருகின்றன. பொறாமைப்பட உடம்பு வேண்டுமா? லெந்து காலத்தில் மச்சம் மாமிசத்தை விட்டுவிட்டு, சொந்தச் சகோதரனோடு காணி வழக்கை மட்டும் விடாமல் பிடித்திருக்கிறோமே, அது பவுல் சொன்ன மாம்சமேதான்.

குஷ்டரோகியை இயேசு ஒரு வார்த்தையால் குணமாக்கியிருக்கலாம். ஆனால் கையை நீட்டித் தொட்டார் என்று மாற்கு எழுதுகிறார். அந்த மனிதனை அதுவரை ஒருவரும் தொட்டிருக்கமாட்டார்கள். இதை யாழ்ப்பாணத்தில் பேசும்போது சாதியை விட்டுவிட்டுப் பேசினால் அது நேர்மையல்ல. யார் எங்கே இருப்பது, யாரோடு ஒரே பந்தியில் சாப்பிடுவது என்று எங்கள் சபைகளும் பாகுபாடு பார்த்தன. கிறிஸ்துவுக்குள் ஆத்துமாக்கள் எல்லாம் சமம் என்று பிரசங்கம் பண்ணிக்கொண்டே உடம்புகளைத் தள்ளி இருத்தினோம். ஆத்துமா வேறு, உடம்பு வேறு என்று பிரித்துவைத்தால் அந்தப் பாவம் எவ்வளவு சுலபமாகிவிடுகிறது, பாருங்கள்.

வேறுவிதமாக நடந்தவர்களும் இந்த மண்ணில் இருந்தார்கள். 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தினார். சுவிசேஷம் சொல்ல அனுப்பப்பட்டவர், எலும்பையும் நரம்பையும் இரத்த ஓட்டத்தையும் தமிழில் எழுதி, எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். படித்து முடித்தவர்கள் தங்கள் கிராமங்களிலேயே வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். புண்ணைக் கழுவிக் கட்டுவதும் அவருக்கு ஊழியம்தான்.

யுத்தத்தில் கால் இழந்தவர்கள், கண் இழந்தவர்கள் இந்தச் சபையிலேயே இருக்கிறார்கள். உயிர்த்தெழுதலில் என் உடம்பு எப்படி இருக்கும் என்று அவர்கள் கேட்டால் அது வீண் கேள்வியல்ல. பவுல் விதையைக் காட்டுகிறார்: அழிவுள்ளதாக விதைக்கப்பட்டது அழிவில்லாததாக எழும்பும். அந்த உடம்பின் உருவம் எப்படியிருக்கும் என்று அவரும் விவரிக்கவில்லை. ஆனால் ஒன்று எழுதியிருக்கிறது: தோமாவிடம் ஆண்டவர் காட்டிய உடம்பில் ஆணித் தழும்புகள் இருந்தன. காயப்பட்ட உடம்பை அவர் ஒளித்துவைக்கவில்லை.

எங்கள் வாலிபர்கள் நோயாளிகளைச் சந்திக்கப் போகிறார்கள், நல்லது. ஜெபித்துவிட்டு உடனே எழும்பி வந்துவிடாதீர்கள், தம்பிமார், தங்கச்சிமார். படுக்கையில் கிடக்கிற அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்க, முதுகு துடைத்துவிட, துணி மாற்ற அந்த வீட்டு அம்மாவுக்கு ஒரு கை தேவைப்படும். "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புகிறவனால் என்ன பிரயோஜனம் என்று யாக்கோபு கேட்கிறார். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் போதகர் ஐயாவைச் சந்தியுங்கள்.