ஓட்டிசம் உள்ளவர்கள் அது இல்லாமல் பிறந்திருக்க விரும்புவார்களா? அவர்களிடமே கேட்டால் என்ன சொல்கிறார்கள்?

[கறுப்புத் திரை. நடுவில் பெரிய வெள்ளை எழுத்தில்: 10,000]

2021 ஆகஸ்ட் மாதம் பிரித்தானியாவின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் அறிவிப்பு விட்டார்கள். ஓட்டிசம் உள்ள, அதாவது பேசுவதும் பழகுவதும் சத்தத்தையும் ஒளியையும் உணர்வதும் பிறவியிலேயே மற்றவர்களிடமிருந்து வேறுபட்ட, 10,000 பேர் வேண்டும், ஒரு சிறு குழாயில் எச்சில் தந்தால் போதும், அதிலிருந்து மரபணுக்களைப் படித்துக்கொள்வோம் என்றார்கள். தொலைக்காட்சிப் பிரபலங்கள் ஆதரவு கொடுத்தார்கள். அடுத்த மாதமே அந்த ஆய்வு இடைநிறுத்தப்பட்டது. நிறுத்தவைத்தது யார் தெரியுமா? எச்சில் தரவேண்டியவர்களேதான்.

இன்று மரபணுவைப் படிப்பீர்கள், நாளைக்குக் கருவிலேயே கண்டுபிடிப்பீர்கள், அதன்பிறகு எங்களைப் போன்றவர்கள் பிறக்கவே மாட்டார்கள். இதுதான் அவர்களுடைய அச்சம். அப்படி ஒரு நோக்கம் எங்களுக்கு இல்லை என்று ஆய்வாளர்கள் உறுதியாகச் சொன்னார்கள். ஆனால் ஐஸ்லாந்தில் டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவி மரபணு நிலை இருப்பதாகக் கருவில் தெரியவந்தால், ஏறத்தாழ எல்லோருமே அந்தக் கருவைக் கலைத்துவிடுகிறார்கள். இதை அறிந்த ஒருவருக்கு அச்சம் வராமல் எப்படி இருக்கும்?

வணக்கம் உறவுகளே. "மறுபடி பிறப்பதென்றால் ஓட்டிசம் இல்லாமல் பிறக்க விரும்புவீர்களா?" என்ற கேள்வியைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறேன். கொழும்பில் இந்தக் கேள்வியை நாங்கள் எப்போதும் தாயிடம்தான் கேட்கிறோம். பிள்ளையிடம் யாரும் கேட்பதில்லை. இந்தக் காணொளியைச் செய்ததற்கு அதுதான் காரணம்.

வரலாற்றை வேகமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். 1925இல் சோவியத் மருத்துவர் குரூன்யா சுகரேவா ஓட்டிசத்தின் அடையாளங்களைப் பற்றி எழுதினார், உலகம் கவனிக்கவில்லை. 1943இல் அமெரிக்காவில் லியோ கன்னர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதினார், உலகம் கவனித்தது. 1944இல் வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பேர்கர். பிறகு நீண்ட காலம், பாசம் காட்டாத தாய்மார்களால்தான் இது வருகிறது என்று பழியைப் பெண்கள் தலையில் போட்டார்கள். எத்தனை தாய்மாரை அழவைத்த பொய் அது! இலங்கையில் பேராசிரியர் ஹேமமாலி பெரேரா தலைமையிலான குழு 2009இல் வெளியிட்ட ஆய்வு, 18 முதல் 24 மாதம் வரையான பிள்ளைகளில் 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதாகக் கண்டது. நீங்கள் இருக்கும் தொடர்மாடியில் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணிப் பாருங்கள். இது எங்கேயோ நடக்கிற விஷயமில்லை என்பது புரியும்.

இனிக் கேள்விக்கு வருவோம். அதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது.

ஓட்டிசம் பிறந்தபிறகு வந்து ஒட்டிக்கொள்ளும் காய்ச்சல் இல்லை. சுவீடன், டென்மார்க் உட்பட ஐந்து நாடுகளில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவுகளை வைத்து 2019இல் வெளியான ஆய்வு, அதில் மரபணுவின் பங்கு ஏறத்தாழ 80 சதவீதம் என்று கணக்கிட்டது. அதுவும் ஒரே ஒரு மரபணு இல்லை, நூற்றுக்கணக்கானவை. கருவில் மூளை உருவாகும்போதே அதுவும் சேர்ந்து உருவாகிறது. அப்படியானால் அதை நீக்கிவிட்டுப் பிறக்கிறவர் யார்?

1993இல் கனடாவின் டொரன்டோவில் நடந்த மாநாட்டில், ஓட்டிசம் உள்ள ஜிம் சின்கிளயர் பெற்றோரைப் பார்த்து இதையே பேசினார். எங்கள் பிள்ளைக்கு ஓட்டிசம் இல்லாதிருந்தால் என்று நீங்கள் ஏங்கும்போது, இந்தப் பிள்ளை இல்லாமல் வேறொரு பிள்ளை இருந்திருந்தால் என்று நீங்கள் சொல்வதாகத்தான் எங்களுக்குக் கேட்கிறது என்றார். முதன்முதலில் இதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. "என் பிள்ளை நன்றாகிவிட வேண்டும்" என்று கோயிலில் நேர்த்தி வைக்கும் எத்தனை பேரை எனக்குத் தெரியும்! அவர்களுடைய அன்பில் குறையே இல்லை. பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் காதில் அது எப்படி விழுகிறது என்பதுதான் என்னை உறங்கவிடவில்லை.

[படம்: மாட்டுப் பண்ணை, இரண்டு பக்கமும் அடைப்புள்ள இரும்புக் கூண்டு]

அடுத்தது டெம்பிள் கிராண்டின், ஓட்டிசம் உள்ள அமெரிக்கப் பெண். மூன்றரை வயதுவரை பேசவில்லை. பதின்ம வயதில், அரிசோனாவில் அத்தையின் பண்ணையில் மாடுகளுக்கு ஊசி போடும் கூண்டைப் பார்த்தார். இரண்டு பக்கத் தட்டிகளும் இறுக்கிப் பிடித்ததும் மிரண்ட மாடு அமைதியாவதைக் கண்டார். மனிதர் தொட்டு அணைப்பதைத் தாங்கமுடியாத அந்தப் பெண், தானே அதற்குள் போய் நின்றார். பதற்றம் அடங்கியது. பிறகு தனக்கென்றே அப்படியொரு இயந்திரம் செய்துகொண்டார்! இன்று அவர் கொலராடோவில் பேராசிரியர். அமெரிக்காவின் மாட்டுப் பண்ணைகளும் இறைச்சித் தொழிற்சாலைகளும் அவருடைய வடிவமைப்புகளைப் பயன்படுத்துகின்றன. விரலைச் சொடுக்கினால் ஓட்டிசம் போய்விடும் என்றாலும் சொடுக்கமாட்டேன், அது போனால் நான் நானாக இருக்கமாட்டேன் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

சரி, பேராசிரியர் சொல்லலாம், எல்லோருக்கும் அது பொருந்துமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அதற்கும் வருகிறேன். அதற்குமுன் இந்தக் காணொளியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

ஓட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர் மனம் புரியாது என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். 2012இல் டேமியன் மில்டன் என்ற, தானே ஓட்டிசம் உள்ள பிரித்தானியச் சமூகவியலாளர், மற்றவர்களுக்கு எங்கள் மனம் புரிகிறதா என்று திருப்பிக் கேட்டார். புரியாமை இரண்டு பக்கமும் இருக்கும்போது ஒரு பக்கத்தை மட்டும் ஏன் நோய் என்கிறீர்கள் என்றார்.

சிறுவயதில் வரிசையாக உட்கார்ந்து காதோடு காதாக ஒரு கதையைச் சொல்லி, கடைசி ஆளிடம் வரும்போது அது என்னவாகிறது என்று பார்த்துச் சிரித்திருக்கிறோம் அல்லவா? எடின்பரோ பல்கலைக்கழகத்தின் கேத்தரின் குரொம்ப்டன் குழு அதையே ஆய்வாக்கியது. 72 பேர், எட்டு எட்டுப் பேராக ஒன்பது வரிசைகள். மூன்று வரிசைகளில் எல்லோருக்கும் ஓட்டிசம். மூன்றில் ஒருவருக்கும் இல்லை. மீதி மூன்றில் ஒருவர் விட்டு ஒருவர். 2020இல் முடிவு வெளியானது. ஓட்டிசம் உள்ளவர்களின் வரிசை, இல்லாதவர்களின் வரிசைக்குச் சமமாகக் கதையைக் கடத்தியது! கலப்பு வரிசையில்தான் விவரங்கள் அதிகம் உதிர்ந்தன. 300க்கும் மேற்பட்டவர்களுடன் இதையே பெரிதாகச் செய்து 2025இல் வெளியிட்டபோது, கலப்பு வரிசையும் பின்தங்கவில்லை. ஆகவே அந்தப் பாதியைப் பற்றி உறுதியாகப் பேசமுடியாது. ஆனால் இரண்டு தடவையும் மாறாமல் நின்ற ஒன்று உண்டு. ஓட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது தோற்றுப்போகவில்லை.

[காட்சி: காலி வீதி, மாலை நேரம், 101ஆம் இலக்க பஸ்]

கொழும்புத் தமிழருக்கு இதை விளக்க ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை. சிங்களத்தில் மட்டும் அச்சிட்ட படிவம் ஒன்றை நீட்டும் அரச அலுவலகக் கருமபீடத்தின் முன்னால் உங்கள் அம்மாவை நிறுத்திப் பாருங்கள். வீட்டில் மூன்று மணிநேரம் ஓயாமல் கதைக்கும் அதே அம்மா, அங்கே ஒரு சொல் வராமல் நிற்பார். கேட்டதற்குத் தலையாட்டுவார், தவறான இடத்தில் ஒப்பமிடுவார். பின்னால் வரிசையில் நிற்பவர் பொறுமையிழந்து பெருமூச்சு விடுவார். அவருக்குத் தொடர்பாடல் குறைபாடு என்று எந்த வைத்தியராவது துண்டு எழுதிக் கொடுப்பாரா? கோளாறு கருமபீடத்தில் இருக்கிறது என்று எங்களுக்கு உடனே தெரிகிறது.

இன்னும் ஒரு படி போகிறேன். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபின் வேலை இழந்த ஒரு தமிழ் எழுதுவினைஞரிடம், "சிங்களவராகப் பிறந்திருக்க விரும்புகிறீர்களா?" என்று கேட்டிருந்தால்? 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் பக்கத்து வீட்டுக்காரரின் அறையில் ஒளிந்திருந்த குடும்பத்திடம் கேட்டிருந்தால்? அந்த ஒரு நாளில், அந்த ஒரு மணிநேரத்தில், ஆம் என்றுகூடச் சொல்லியிருப்பார்கள். உயிர் போகும் வேளையில் யார்தான் சொல்லமாட்டார்? அதைப் பிடித்துக்கொண்டு, பார்த்தீர்களா, தமிழராக இருப்பதே ஒரு துன்பம் என்று ஒருவர் முடிவுகட்டினால் எங்களுக்கு இரத்தம் கொதிக்காதா? சட்டத்தை மாற்றுங்கள், தெருவில் நிற்கும் கூட்டத்தை அடக்குங்கள், என்னை ஏன் மாற்றப் பார்க்கிறீர்கள் என்று கேட்டிருப்போம். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. மாறவேண்டியது எது என்பதை எழுத்திலாவது ஒத்துக்கொண்டார்கள்.

ஓட்டிசம் உள்ள ஒருவர் "இல்லாமல் பிறந்திருந்தால் நல்லது" என்று சொல்லும்போது, அவருக்கு அன்று என்ன நடந்தது என்று முதலில் கேளுங்கள். வகுப்பில் கேலி செய்தார்களா? நாள் முழுவதும் கண்ணைப் பார், கையை ஆட்டாதே, சிரி என்ற கட்டளைகளுக்கு நடித்து நடித்துக் களைத்துவிட்டாரா? இப்படி மறைத்து வாழ்வது மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் சேர்ந்து வருவதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

ஆனால் என் ஒப்பீடு ஓரிடத்தில் உடைகிறது, அதை மறைக்கமாட்டேன். தமிழ் பேசுவதால் யாருக்கும் வலிப்பு வராது. ஓட்டிசம் உள்ளவர்களிடம் வலிப்பு நோய் மற்றவர்களைவிட அதிகம். இரவில் இரண்டு மணிநேரம்கூடத் தூங்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் பிள்ளைகள், எங்கே வலிக்கிறது என்று சொல்லமுடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 2023இல் வெளியான கணக்கின்படி, ஓட்டிசம் உள்ள எட்டு வயதுப் பிள்ளைகளில் 26.7 சதவீதத்தினர் பேச்சோ அறிவுத்திறனோ மிகக் குறைந்த, தீவிர உதவி தேவைப்படும் பிரிவில் வருகிறார்கள். கிராண்டின் இவர்களுக்காகப் பேசமுடியாது. நானும் முடியாது. எழுதவும் பேசவும் கூடிய ஓட்டிசம் உள்ளவர்களிலேயே சிலர், ஆம், எனக்கு இது வேண்டாம், மருந்து வந்தால் முதல் ஆளாகப் போவேன் என்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள். அவர்களைத் துரோகி என்று திட்டுவதை நான் வெறுக்கிறேன். தன் உடம்பைப் பற்றித் தானே சொல்கிற ஒருவரைத் திருத்த எங்களுக்கு என்ன உரிமை?

பிள்ளை மாறவேண்டும் என்று ஏங்கும் பெற்றோரையும் குறைசொல்ல வரவில்லை. கொழும்பில் தமிழில் பேச்சுச் சிகிச்சை தரக்கூடிய ஒருவரைத் தேடிப் பாருங்கள், அலைச்சல் புரியும். "அப்பாவும் பிந்தித்தான் பேசினார், விடுங்கள்" என்று மாமியார் சொல்லி ஒரு வருடம் போய்விடும். யூடியூப் பார்த்து அமெரிக்க உச்சரிப்பில் ஆங்கில வாக்கியங்களை அப்படியே ஒப்புவிக்கும் பிள்ளை, அம்மம்மா "சாப்பிட்டாயா?" என்று கேட்டால் திரும்பியும் பார்க்காது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கேள்வி அவர்களை அரித்துக்கொண்டிருக்கிறது: எங்களுக்குப் பிறகு யார்? இலங்கை 2016இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை உறுதிசெய்தது. அந்தக் கையெழுத்துக்கும் இந்தக் கேள்விக்கும் இடையில் எவ்வளவு வெறுமை!

[காட்சி: அச்சகம். முகம் காட்டப்படவில்லை]

கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் வேலை செய்யும் ஓட்டிசம் உள்ள இளைஞர் ஒருவரிடம், அவருடைய சம்மதத்துடன் இதைக் கேட்டேன். திருமண அழைப்பிதழ்களில் பிழை திருத்துவது அவர் வேலை. அவருடைய மேசைக்கு மேலே இருக்கும் டியூப்லைட் மட்டும் அணைந்திருந்தது. அது இரைவது அவருக்குத் தாங்காது என்பதால் முதலாளி அணைத்துவிட்டு மேசையை ஜன்னலோரம் தள்ளிப்போட்டாராம். அச்சுத்தாளைக் கண்ணுக்கு மிக அருகே பிடித்து, ஆள்காட்டி விரலை எழுத்தெழுத்தாக நகர்த்திக்கொண்டே போனார். திகதிக்கும் கிழமைக்கும் பொருந்தாத ஓர் அழைப்பிதழை என் கண்முன்னாலேயே பிடித்தார். வெள்ளிக்கிழமை என்று போட்டிருந்தது, நாட்காட்டியில் அது வியாழன்.

கேள்வியைக் கேட்டதும் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படிப் பிறந்தவருக்கு என்னுடைய அம்மாதான் அம்மாவா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்றேன். "தெரியாமல் எப்படிச் சம்மதிப்பது?" என்றார். சிறிது நேரம் கழித்து, தன்னை மாற்றுவதற்குமுன் காலி வீதியில் பஸ்காரர்கள் ஹோர்ன் அடிப்பதை நிறுத்தமுடியுமா என்று கேட்டார். அந்தச் சத்தத்தால்தான் தொழில்நுட்பக் கல்லூரி வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டாராம்.

ஒரு டியூப்லைட்டை அணைக்க முதலாளிக்கு ஒரு ரூபாயும் செலவாகவில்லை. இப்படிப்பட்ட காரியங்களை எல்லாம் செய்து முடித்தபிறகு இந்தக் கேள்வியை மறுபடி கேட்டால், அப்போது கிடைக்கும் பதிலை நான் நம்புவேன். இப்போது கிடைக்கும் "ஆம்"களில் எவ்வளவு அவர்களுடையது, எவ்வளவு எங்களுடைய ஹோர்ன் சத்தம் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஓட்டிசம் உள்ளவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆம் என்றாலும் இல்லை என்றாலும் கேள்வியே பிழை என்றாலும், தமிழில் கீழே எழுதுங்கள். பெயர் போடவேண்டியதில்லை. பெற்றோரும் ஆசிரியர்களும் முதல் இரண்டு நாட்களுக்கு எழுதாமல் வாசிக்க மட்டும் செய்யுங்கள், உங்களுடைய அனுபவங்களுக்குத் தனியாக ஒரு காணொளி வருகிறது. பேசாத பிள்ளைகளோடு படங்களைக் காட்டியும் தட்டெழுதும் கருவிகளாலும் உரையாடும் வழிகளைப் பற்றி, தமிழில் கிடைப்பவற்றை மட்டும் எடுத்து அடுத்த வாரம் பேசுகிறேன்.