ரெண்டும் கடம்தானே சார்?

நேயர்களுக்கு வணக்கம். சித்தூர் தாலுகாவில் ஆங்கில வாத்தியாராக இருந்தவன் நான். ஆந்திரச் சித்தூர் இல்லை, நம் பாலக்காட்டுச் சித்தூர். ஆங்கிலத்தில் குழம்புகிற சொற்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஒலி ஒன்றாகி எழுத்து மட்டும் மாறுகிற சொற்களுக்குக் கரும்பலகை வேண்டும், வானொலியில் அது ஆகாது. பொருளில் குழம்புகிறவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் லெண்ட், பாரோ. எனக்குப் பிடித்த சோடி, கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். தமிழ் மீடியமும் மலையாள மீடியமும் ஒரே வராந்தாவில். நூலகத்தைப் பார்வையிட வெளியூர் அதிகாரி ஒருவர் வந்திருந்தார். அவர் முன்னால் இங்கிலீஷ் பேசிக் காட்டிவிட வேண்டும் என்று எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு ஆசை. அட்டை கிழிந்த கதைப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "மே ஐ லெண்ட் திஸ் புக், சார்?" என்றான். அவர் புரட்டிப் பார்த்தார், உள்ளே பள்ளி முத்திரை. "பள்ளிக்கூடத்துப் புத்தகத்தைப் பள்ளிக்கூடத்துக்கே இரவல் தர்றியா?" என்று கேட்டார். பையன் திருதிருவென்று என்னைப் பார்த்தான். தனியே கூப்பிட்டு, லெண்ட் என்றால் கொடுப்பது, பாரோ என்றால் வாங்குவது என்றேன்.

"ரெண்டும் கடம்தானே சார்?" என்றான்.

அவன் பேச்சில் நியாயம் இருக்கிறது. தமிழில் கடன், மலையாளத்தில் கடம், ஆந்திர எல்லைக்குப் போனால் தெலுங்கில் அப்பு. ஒவ்வொரு மொழியிலும் கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் பெயர் ஒன்றுதான். பின்னால் வருகிற கொடு, வாங்குதான் யார் பக்கம் போகிறது என்று காட்டும். ஆங்கிலக்காரர் அதைச் சொல்லுக்குள்ளேயே வைத்துவிட்டார். நம் பிள்ளை கடனுக்கு இங்கிலீஷ் தேடுகிறான், கைக்கு அகப்பட்டதைப் போடுகிறான். மறுபடி சொல்கிறேன்: கொடுத்தால் லெண்ட், வாங்கினால் பாரோ. "லெண்ட் மீ யுவர் பென்" என்பதும் சரிதான், பேனாவைக் கொடுக்கப்போகிறவர் எதிரில் நிற்பவர் அல்லவா?

அப்புறம் டிஸ்கவர், இன்வென்ட். தமிழிலும் மலையாளத்திலும் இரண்டுமே கண்டுபிடிப்புதான். நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிற வானொலியையே எடுத்துக்கொள்வோம். ரேடியோ அலை இயற்கையில் முன்பே இருந்தது. 1880களில் ஹெர்ட்ஸ் அதைச் சோதனையில் காட்டினார், அது டிஸ்கவர். கம்பியில்லாத் தந்திக்கு மார்க்கோனி 1896இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அப்படி ஒரு கருவி மரத்திலா காய்த்தது? ஆள் செய்தது, அது இன்வென்ட். 1928இல் ராமன் விளைவு? ஒளியின் குணம், அதனால் டிஸ்கவர். முன்பே இருந்ததா, புதிதாகச் செய்ததா, அவ்வளவுதான் கேள்வி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தானாம். எக்கனாமிக் என்றால் பொருளாதாரம் சம்பந்தப்பட்டது, எக்கனாமிகல் என்றால் சிக்கனமானது. அன்இன்ட்ரஸ்டட் என்றால் அக்கறை இல்லாதவர், டிஸ்இன்ட்ரஸ்டட் என்றால் பாரபட்சம் இல்லாதவர். வரப்புத் தகராறுக்குத் தீர்ப்புக் கேட்க இரண்டாமவரிடம் போங்கள். ஹிஸ்டாரிக், ஹிஸ்டாரிகல் பாக்கி, இன்னொரு முறை கூப்பிட்டால் சொல்கிறேன். வணக்கம்.