ஏரிப் பக்கம் குளிர் அடிக்கும்

நடுவர் அவர்களுக்கும், நான் வாய் திறக்கும் முன்பே மறுப்புக்குக் குறிப்பெடுக்கத் தொடங்கிவிட்ட எதிரணியினருக்கும், சபையோருக்கும் வணக்கம். ‘சிறுவயதில் குடும்பத்தோடு தங்கிய விடுதிக்கு வளர்ந்தபின் மீண்டும் போவது லாபமா, நட்டமா?’ என்பது இன்றைய தலைப்பு. லாபமே என்ற கட்சிக்காக வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர், கொடைக்கானலில் தாம் சிறுவனாகத் தங்கிய விடுதிக்குப் போய் மனமுடைந்து திரும்பிய கதையை உருக்கமாகச் சொன்னார். மாடிப்படி குட்டையாகிவிட்டதாம். கூடம் சுருங்கிவிட்டதாம். வரவேற்பில் இருந்த பையனுக்கு இவரை அடையாளமே தெரியவில்லையாம். ஐயா, நீங்கள் கடைசியாக அங்கே போனபோது அரைக்கால் சட்டை போட்டிருந்தீர்கள். அந்தப் பையன் பிறக்கவே இல்லை. அவன் ஓடிவந்து, “வாருங்கள் தம்பி, விழுந்த பல் முளைத்துவிட்டதா?” என்று கேட்டிருக்க வேண்டுமா?

நானும் கொடைக்கானல்காரிதான் நடுவர் அவர்களே, விடுமுறை வகையில். 1980களின் கடைசியில் மதுரையில் வளர்ந்த பிள்ளைக்கு மே மாதம் என்றால் வேறு மலை ஏது? வத்தலக்குண்டு தாண்டி வளைவுகள் தொடங்கியதும் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கைக்கு வரும். அதை முகர்ந்தும் பயனில்லாதவர்கள் வெள்ளி அருவியில் முகம் கழுவிக்கொள்வார்கள். அந்த அருவியில் விழுவது மேலே இருக்கும் ஏரியின் உபரி நீர்தான் என்று அப்போது யார் சொன்னார்கள்? அந்த ஏரியே 1863-ல், மதுரை கலெக்டராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்ச் முயற்சியால் கரை கட்டித் தேக்கியது. ஏரியும் விடுதியும் அப்பா அம்மாவும் ஆதியிலிருந்தே அங்கே இருப்பதாகக் குழந்தை நினைத்துக்கொள்கிறது. எதிரணியினர் காப்பாற்றத் துடிக்கும் பொன்னான நினைவு இவ்வளவுதான்.

எங்கள் விடுதி ஏரிக்கு மேலே ஒரு ஏற்றத்தில் இருந்தது. பெயர் வேண்டாம், அங்கே தேநீர் அன்றும் சுமார், இன்றும் சுமார். அப்பா ஒவ்வொரு முறையும் பின்பக்க அறையைத்தான் கேட்பார். ஜன்னலைத் திறந்தால் ஒரு பேரி மரமும் துணி காயும் கொடியும் தெரியும். ஏரி தெரியும் அறை ஏன் வேண்டாம் என்று கேட்டால், “ஏரிப் பக்கம் குளிர் அடிக்கும், பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும்” என்பார். நாங்களும் முன்பக்க அறைக்காரர்களைப் பார்த்து, பாவம், சளி பிடிக்கப்போகிறது என்று இரக்கப்பட்டிருக்கிறோம்.

வளர்ந்தபின் அப்பாவையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு அதே விடுதிக்குப் போனேன். கேட்டு வாங்கியது முன்பக்க அறை. காலையில் வெயில் நேராகக் கட்டிலில் வந்து விழுகிறது. குளிர்வது பின்பக்கம்தான்! வரவேற்பில் வாடகைப் பலகை இருந்தது. ஏரி தெரியும் அறைக்கு ஒரு விலை, தெரியாத அறைக்கு ஒரு விலை. இரண்டுக்கும் நடுவில் இருந்த தொகையைத்தான் அப்பா அத்தனை வருடமும் ‘குளிர்’ என்று சொல்லிவந்திருக்கிறார். அந்த மிச்சத்தில்தான் எங்களுக்குப் படகுச் சவாரியும் குதிரைச் சவாரியும் நடந்திருக்கின்றன.

“என்னப்பா இது?” என்று கேட்டேன். மனிதர் அசையவில்லை. “அப்போதெல்லாம் குளிர் அதிகம்” என்றார்.

நடுவர் அவர்களே, எந்தப் புகைப்படத்திலாவது இது இருக்கிறதா? வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நினைத்துப் பார்த்தாலும் இது கிடைக்குமா?

அம்மா பக்கம் இன்னும் மோசம். சமையலுக்கு அனுமதியில்லாத அறையில், கதவிடுக்கில் துண்டைச் செருகிவிட்டு மண்ணெண்ணெய் அடுப்பில் சமைப்பார். ஓட்டல் சாப்பாடு ஐந்து பேருக்குக் கட்டுபடியாகாது. பருப்பு மட்டும் வேகவே வேகாது. மதுரைக் கடைக்காரர் பழைய பருப்பைத் தலையில் கட்டிவிட்டார் என்று மலையில் இருந்தபடியே திட்டுவார். கடைக்காரர் பாவம்! ஏழாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்குமேல் சூடு ஏறாது. பிரஷர் குக்கர் விசில் அடித்தால் குட்டு வெளிப்படும் என்று வெறும் பாத்திரத்தில் வைத்தால் பருப்பு எப்படி வேகும்? நாங்கள் ஏரியைச் சுற்றிச் சைக்கிள் ஓட்டியபோது அம்மா அந்தப் பருப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இந்த முறை அதே விடுதியின் உணவறையில் உட்கார்ந்து, தட்டில் வந்த சாம்பாரைக் குறை சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார். விடுமுறை என்றால் குறை சொல்ல ஒரு சாம்பார் வேண்டும். அது அவருக்குக் கிடைக்க இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

“உண்மை தெரிந்ததால் இன்பம் போய்விடவில்லையா?” என்று எதிரணித் தலைவர் கேட்பார், குறிப்பெடுத்த வேகத்திலேயே தெரிந்தது. போகவில்லை ஐயா. பேரி மரம் தெரிந்த ஜன்னல் எனக்கு இன்னும் பிடித்த ஜன்னல்தான். அதன் வாடகையும் இப்போது தெரியும், அவ்வளவே. விடுதி மாறியதும் உண்மை. சீசனில் தண்ணீர் லாரி வந்து நிற்கிறது. நாங்கள் வாளி வாளியாக வெந்நீரைக் கொட்டி விளையாடிய ஊர் அது. இதைப் பார்த்து வருத்தம் வந்தது. வருத்தமே கூடாது என்றால் மலைக்கு மட்டும் அல்ல, சொந்தக்காரர் வீட்டுக்கும் போக முடியாது.

இன்னொன்று கேட்கிறேன். குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது. 2006-ல் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்த பிள்ளை, 2018-ல் தன் காலால் நடந்துபோய்ப் பார்த்தது. பழைய நினைவு கெட்டுவிடும், போகாதே என்று யாராவது தடுத்தார்களா? பூவைத் திரும்பப் பார்க்கலாம், கட்டிலைத் திரும்பப் பார்க்கக் கூடாது என்பது என்ன சட்டம்?

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். ஒரே ஒரு சாட்சியம் மட்டும். நிகழ்ச்சி தொடங்கும் முன் எதிரணித் தலைவர் என்னைத் தனியே அழைத்து, அந்த முன்பக்க அறைக்கு இப்போது வாடகை என்ன என்று விசாரித்தார். சொன்னேன். 2024 மே மாதத்திலிருந்து மலையேற இ-பாஸ் வேண்டும், மறந்துவிடாதீர்கள் என்பதையும் சொல்லிவைத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.