பூதத்தின் குடுமியைப் பிடித்துக்கொண்டு ஒரு பயணம்

நேயர்களுக்கு வணக்கம். மாயப் பயணம் போகும் சிறுவர் படங்கள் எத்தனையோ வந்துவிட்டன, ஆனால் எனக்கு எப்போதும் 1940-இல் வந்த 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்'தான். எம்.ஜி.ஆர். நடித்த 'பாக்தாத் திருடன்' 1960-இல் வந்தது, அது வேறு. இது அலெக்சாண்டர் கோர்டா இங்கிலாந்தில் எடுக்கத் தொடங்கி, நடுவில் போர் வந்துவிட்டதால் அமெரிக்காவுக்குப் போய் முடித்த படம்.

அபு என்கிற திருட்டுப் பையனாக நடித்தவர் சாபு. மைசூர்ப் பக்கத்து யானைப்பாகனின் மகன். யானை மேல் உட்கார்ந்து பழகிய பிள்ளை, பூதத்தின் மேல் உட்காரத் தயங்குவானா!

அந்தப் பூதக் காட்சியைக் கொஞ்சம் சொல்ல விடுங்கள். கடற்கரையில் கிடக்கும் குப்பியை அபு திறக்கிறான், வானம் முட்ட ஒரு பூதம் எழுந்து, காலால் அவனை நசுக்கப் பார்க்கிறது. இவ்வளவு பெரிய நீ இந்தச் சின்னக் குப்பிக்குள்ளா இருந்தாய், நம்பவே முடியவில்லை என்கிறான். பூதம் ரோஷப்பட்டு உள்ளே போக, டக்கென்று மூடிவிடுகிறான்! வெளியே விட்டால் மூன்று வரம் என்று பேச்சு. சரி, முதல் வரமாக என்ன கேட்கிறான்? பொன்னா, அரண்மனையா? அம்மா பொரித்துத் தருவது மாதிரி சாசேஜ். பசிக்கிற பிள்ளை வேறென்ன கேட்பான்? படம் எடுத்தவர்களுக்குக் குழந்தைகளைத் தெரிந்திருக்கிறது.

அப்புறம்தான் பறக்கிறார்கள். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: பையன் சும்மா ஒய்யாரமாக உட்கார்ந்து போவதில்லை, பூதத்தின் குடுமியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போகிறான். விழுந்துவிடுவானோ என்று நமக்குப் பதறினால்தான் அது பயணம், இல்லாவிட்டால் வெறும் தந்திரக் காட்சி. கணினி இல்லாத காலம் அது, நீலத் திரைக்கு முன்னால் நடிக்க வைத்து, பின்னணியைத் தனியாகச் சேர்த்தார்கள். அதைச் செய்த லாரன்ஸ் பட்லருக்கு ஆஸ்கார் கிடைத்தது. இன்றைய பச்சைத் திரைக்கெல்லாம் அதுதான் முன்னோடி.

மிக்லோஸ் ரோஷாவின் இசையைப் பற்றிப் பேச நினைத்திருந்தேன், நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். முடிவை மட்டும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கு அனுப்பி மந்திரியாக்கப் போகிறோம் என்று ராஜா அறிவிக்கிறார், அபு கம்பளத்தில் ஏறிப் பறந்தே போய்விடுகிறான். வீட்டுக்குத் திரும்பாத பிள்ளை! பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். வணக்கம்.