கேபிள் எதுவரை வந்திருக்கிறது?

வணக்கம் நேயர்களே. சுங்கை சிப்புட்டில் பங்கு வாங்குவதைப் பற்றிப் பேச்செடுத்தால் மலேசிய இந்தியர் தலைவராக இருந்த துன் சம்பந்தனைத் தாண்டிப் போக முடியாது. 1960இல் அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, ரப்பர் பால் வெட்டியவர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்குதாரர் ஆனார்கள். துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களை வாங்கத்தான் அந்தப் பணம். மரம் எப்படி, பால் எவ்வளவு இறங்கும் என்பது அவர்கள் கைக்கே தெரியும். எந்தப் பங்கை வாங்கலாம் என்று சொல்லும் ஆய்வாளர் யாரும் தேவைப்படவில்லை.

அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று கைப்பேசியிலேயே தொழில்நுட்பப் பங்கு வாங்குகிறார்கள். ஆய்வாளர் 'வாங்கு' என்றால் வாங்கிவிடுகிறார்கள். அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதில்லை.

அமெரிக்காவில் ஜாக் கிரப்மன் என்றோர் ஆய்வாளர் இருந்தார். தொலைத்தொடர்புப் பங்குகளில் அவர் சொன்னது வேதவாக்கு. அவர் வேலை பார்த்த சாலமன் ஸ்மித் பார்னியோ, அவர் புகழ்ந்த கம்பெனிகளுக்கே பணம் திரட்டிக் கொடுத்துக் கட்டணம் வாங்கிய நிறுவனம். அவர் தூக்கிப் பிடித்த வேர்ல்ட்காம் என்ற தொலைத்தொடர்புக் கம்பெனியின் பங்கு 1999இல் 60 டாலரைத் தாண்டியது, 2002 ஜூலையில் கம்பெனியே திவாலானது. கிரப்மனுக்கு 15 மில்லியன் டாலர் அபராதம், அந்தத் தொழிலில் வாழ்நாள் தடை. கோடீஸ்வரருக்கு அது தாங்கும், சேமிப்பைப் போட்டவருக்கு?

ஆனால் எல்லாம் பித்தலாட்டம் என்று தள்ளிவிடவும் முடியாது. இணையப் போக்குவரத்து நூறு நாளைக்கொரு முறை இரட்டிப்பாகிறது என்ற பேச்சைப் பலர் மெய்யாகவே நம்பினார்கள். நகரங்களுக்கு இடையிலும் கடலடியிலும் ஃபைபர் என்ற கண்ணாடி இழைக் கேபிளைப் புதைத்துத் தள்ளினார்கள். உண்மையில் இரட்டிப்பாக ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது. புதைத்ததில் பெரும்பகுதி சும்மா கிடந்தது. வீட்டுக்குள் வந்ததோ பழைய செம்புக் கம்பி. தொலைபேசி எக்ஸ்சேஞ்சிலிருந்து தள்ளிப் போகப் போக அதில் வேகம் இறங்கும். ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் பெரும்பாலும் ஒன்றும் தேறாது. நம் தோட்டத்து லயங்கள் எக்ஸ்சேஞ்சுக்கு எவ்வளவு தூரம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டு வாசல் வரை வரும் கடைசி அந்தத் துண்டுதான் மெதுவாக நகரும், செலவையும் அதுதான் விழுங்கும். 2008இல் நம் அரசாங்கமும் டெலிகோம் மலேசியாவும் அதிவேக இணையத்துக்கு 11.3 பில்லியன் வெள்ளித் திட்டம் போட்டன. 2010 மார்ச்சில் சேவை தொடங்கிய இடங்கள் ஷா ஆலம், சுபாங் ஜெயா, பங்சார், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில். அடர்த்தியாக வீடு இருக்கும் இடத்தில்தான் போட்ட காசு சீக்கிரம் திரும்பும். கணக்கு சரிதான், நமக்குத்தான் கசக்கிறது.

அதனால் தம்பி தங்கைகளே, அடுத்த முறை இணையக் கம்பெனிப் பங்கைப் பற்றி ஓர் அறிக்கை கையில் வந்தால், பங்கு இவ்வளவுக்கு ஏறும் என்று ஆய்வாளர் சொல்லும் இலக்கு விலையை அப்புறம் பாருங்கள். கேபிள் எத்தனை வீட்டு வாசலைக் கடந்து போயிருக்கிறது என்று ஓர் எண் இருக்கும். பெருமையாகப் பெரிய எழுத்தில் போடுவார்கள். மாதாமாதம் பில் கட்டுகிற வீடுகள் என்று இன்னோர் எண் உள்ளே எங்காவது இருக்கும். தேடி எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவது எண்ணே இல்லையென்றால் காசை எடுக்காதீர்கள்.

நன்றி, வணக்கம்.