66 இஞ்ச் குதிரை வாங்கலாமுங்களா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கமுங்க. எல்லாரும் சௌக்கியமுங்களா? போன தாட்டி லாடத்தப் பத்திப் பேசுனதுக்கப்பறம் நெறையக் கேள்வி வந்துருக்குது. அதுல ஒண்ணு மண்டைக்குள்ளயே சுத்திக்கிட்டுக் கெடக்குதுங்க. மத்ததெல்லாம் பொறவு பாத்துக்கலாம், அத மொதல்ல எடுத்துக்கறன்.

அப்படியே படிக்கறனுங்க. "ஐயா, நான் பெருந்துறைப் பக்கம். காங்கேயத்துக்கிட்ட எங்களுக்கு எட்டு ஏக்கரு கொறங்காடு (வேலி போட்ட மேய்ச்சக்காடு) இருக்குது. ஒரு ஏவாரி 66 இஞ்ச் மார்வாரிக் குதிரை (ராஜஸ்தான் ஜாதி) ஒண்ணு காட்டறாரு. வயசு மூணு, இன்னும் ரெண்டு இஞ்ச் வளரும்ங்கறாரு. என்ற எடை 98 கிலோ. இத்தன பெரிய குதிரைய வாங்குனா நல்லது என்ன, கெட்டது என்ன? ஊட்டுல பெரிய சண்டை." அவ்வளவுதானுங்க கேள்வி. சண்டை யாரோடன்னு எழுதல, நாமளே ஊகிச்சுக்கலாம்.

கேட்டவரு தன்ற எடையச் சேத்து எழுதுனாரு பாருங்க, அதுக்கே ஒரு கும்பிடு போடோணும். எல்லாரும் குதிரை எத்தன இஞ்ச்சு, என்ன கலரு, எங்க சுழி இருக்குதுன்னு எழுதுவாங்க. மேல ஏறி உக்காரப்போறவரு எத்தன கிலோன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க.

சரி, 66 இஞ்ச்சுங்கறாரு. எங்கிருந்து எங்க அளந்தாங்க? கழுத்து முடிஞ்சு முதுகு ஆரம்பிக்கற எடத்துல, பிடரி முடி நிக்கற பக்கத்துல ஒரு மேடு இருக்கும். அங்கிருந்து நேரா நெலத்துக்கு. அதுதான் உயரம், தலைய அண்ணாந்து நிக்கறதுல ஒண்ணுமில்ல. ஏவாரி என்ன பண்ணுவாரு, டேப்ப எடுத்துத் தோள்பட்டை மேல உடம்போட ஒட்டி வளைச்சு எறக்குவாரு. அதுலயே ஒண்ணு ரெண்டு இஞ்ச்சு கூடிப்போகும். குதிரைய மேட்டுல நிறுத்திட்டு டேப்பு முனைய பள்ளத்துல உட்டா இன்னும் ஒண்ணு. நேரான குச்சி ஒண்ண நட்டமா நிறுத்தி, மேல குறுக்கால ஒரு பலகை வெச்சு, அது மேல ரசமட்டம் வெச்சுப் பாருங்க. கொத்தனாருகிட்டக் கேட்டா ரசமட்டம் குடுப்பாரு. 64க்கு வந்து நின்னாலும் நின்னுரும்.

ஆனா 66ஏ இருக்கட்டும்ங்க. உயரம் ஆளச் சுமக்காது. சுமக்கறது எடையும் எலும்பும். குதிரையோட எடையில அஞ்சுல ஒரு பங்குக்கு மேல முதுகுல ஏத்தக் கூடாதுங்கறது பொதுக் கணக்கு. 2008ல அமெரிக்காவுல ஒஹையோ மாகாணப் பல்கலைக்கழகத்துக்காரங்க குதிரைக மேல எடைய ஏத்தி ஓட உட்டுப் பாத்தாங்க. 20 சதம் வரைக்கும் தாங்குது. 25, 30ன்னு ஏத்துனா நெஞ்சுத் துடிப்பு ஏறுது, தசையில வலியும் இறுக்கமும் கூடுது. அதே ஆராய்ச்சியில எனக்குப் புடிச்ச சங்கதி ஒண்ணு இருக்குது: இடுப்பு அகலமாவும், முன்னங்கால்ல முழங்காலுக்குக் கீழ எலும்பு சுத்தளவு பெருசாவும் இருந்த குதிரைகளுக்கு வலி கம்மி. இதத்தானுங்க நான் ஒவ்வொரு வீடியோலயும் கத்தறது. மூஞ்சியப் பாக்காதீங்க, காலப் பாருங்க!

நம்மவரு 98 கிலோ. சேணம் ஒரு 10 கிலோன்னு வெச்சுக்கலாம். மொத்தம் 108. அஞ்சால பெருக்குனா 540. அப்ப 540 கிலோ குதிரை வேணும். ஆக, இவருக்குப் பெரிய குதிரை வேணுங்கறதுல நாயம் இருக்குதுங்க, சும்மா ஜம்பத்துக்குக் கேக்கலை. ஊட்டுல சண்டை போடறவங்களுக்கும் சொல்லிருங்க. 60 இஞ்ச் குதிரை மேல இவரு ஏறி உக்காந்தாத்தான் பாவம்.

ஆனா 66 இஞ்ச் குதிரை 540 கிலோ இருக்குமா? அதுதான் கேள்வி. சந்தைக்கு வர்ற உசரமான குதிரை பாதி ஒட்டடைக்குச்சியாட்டம் இருக்கும். நெட்டையா நிக்கும், எடை போட்டா 430 கூடத் தேறாது. எடை போடறதுக்கு நம்மூர்ல என்ன கஷ்டம்? திரும்புன பக்கமெல்லாம் லாரி எடைமேடை இருக்குதே. மொரண்டு புடிக்காத குதிரைன்னா ஏத்தி நிறுத்துங்க. இல்லாட்டி டேப்பு போதும். முன்னங்காலுக்குப் பின்னால நெஞ்சுச் சுத்தளவு எத்தன சென்டிமீட்டரு, நெஞ்சு முனையில இருந்து பிட்டத்து முனை வரைக்கும் நீளம் எத்தன. சுத்தளவ சுத்தளவாலயே பெருக்கி, நீளத்தால பெருக்கி, 11,880ஆல வகுத்தா கிலோ வந்துரும். சுத்தளவு 180, நீளம் 165ன்னா சரியா 450 கிலோ. அந்தக் குதிரைக்கு 90 கிலோதான் கணக்கு, அதுலயும் சேணம் போக 80. புரியுதுங்களா?

அப்பறம் நல்லது வேற என்ன? எட்டு நீளமா வெக்கும், ஏறி உக்காந்தா உங்களுக்கு ஒரு கம்பீரம். வெள்ளைக் குதிரையா இருந்தா மாப்பிள்ளை அழைப்புக்கு, கோயில் நோம்பிக்குக் கூப்புடுவாங்க, நாலு காசு வரும். அவ்வளவுதானுங்க. பெரிய குதிரை சாதுவா இருக்கும்னு ஒரு பேச்சு இருக்குது. அது சீமையில பாரவண்டி இழுக்கற ஜாதிகளுக்குச் சொன்னது. மார்வாரிக்கு அத ஒட்டிப் பேசக் கூடாது.

சீமைன்னதும் ஞாபகம் வருது. 1846ல இங்கிலாந்துல சாம்சன்னு ஒரு ஷையர் குதிரை பொறந்துச்சு. 86 இஞ்ச்சுக்கும் மேல உயரம், எடை 1,500 கிலோவத் தாண்டுச்சு. ஏழடிக்கு மேலங்க, முதுகு மட்டும்! நம்ம நிலவுக்கதவுக்குள்ள நொழையாது. ஆனா அந்த ஷையர் ஜாதியோட காலப் பாத்துருக்கறீங்களா? தூணு. கொளம்பு சோத்து வட்டல் அகலம். ஒசரத்துக்குத் தக்கன காலு இருக்குது. நம்ம பக்கம் என்ன நடக்குதுன்னா, ஒசரத்துக்கு மட்டும் வெலை ஏறுது, அதனால வளக்கறவன் ஒசரத்த மட்டும் வளக்கறான். காலு பழைய காலாவே நின்னுக்குது. குட்டியிலயே கொள்ளும் மக்காச்சோளமும் அள்ளிக் கொட்டி வெரசாத் தூக்கி உட்டா மூட்டு வீங்கும். தானியம் அளவுக்கு மிஞ்சுனா கொளம்புக்குள்ள இருக்கற சவ்வு வெந்து போகும், அப்பறம் நிக்கவே முடியாது. கனமான குதிரைக்கு அது வந்தா மீக்கறது நெம்பக் கஷ்டமுங்க.

மூணு வயசுன்னாருல்ல. மூணு வயசுல ஒசரம் பெரும்பாலும் முடிஞ்சிரும். ரெண்டு இஞ்ச்சு வளரும்ங்கறது ஏவாரப் பேச்சு. இனி அகலமும் கனமுந்தான் ஏறும். ஆனா முதுகெலும்பு முத்தறதுக்கு அஞ்சரை, ஆறு வயசாகும். நெட்டைக் குதிரைக்கு இன்னும் தாமசம். 98 கிலோ ஆளு இப்பவே ஏறுனா என்னாகும்னு நான் சொல்லோணுமா? வாங்குனாலும் மேல ஏறாம, கையில புடிச்சு நடத்திப் பழக்குங்க. ஏறோணும்னா ஆறு வயசு தாண்டுன குதிரையாத் தேடுங்க. பல்லப் பாத்து வயசு சொல்றது ஏற்கெனவே ஒரு வீடியோல சொல்லிருக்கறன்.

இப்ப கொறங்காட்டுக்கு வாரன். இதத்தான் கொஞ்சம் கவனமாக் கேக்கோணும். கிளுவை வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல்லு. காங்கேயம் மாட்டுக்கு அத மாதிரி சொர்க்கம் கெடையாது. அந்தப் புல்லத் தின்னுதான் அந்த எலும்பு வந்துச்சு. ஆனா குதிரை மாடில்லீங்க! கொழுக்கட்டைப் புல்லுல ஆக்சலேட்டுன்னு ஒண்ணு இருக்குது. மாடு அசைபோடற வயிறு, அதுல இருக்கற நுண்ணுயிரி அந்த ஆக்சலேட்ட ஒடைச்சுரும். குதிரைக்கு ஒத்த வயிறு. ஆக்சலேட்டு, புல்லுல இருக்கற சுண்ணாம்புச் சத்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டு சாணியோட வெளிய போயிரும். ஒடம்பு என்ன பண்ணும்? எலும்புல இருந்து சுண்ணாம்ப எடுக்கும். மாசக்கணக்குல அந்தப் புல்லு மட்டுமே தின்னா மூஞ்சி எலும்பு ரெண்டு பக்கமும் பொடைச்சுக்கும், நொண்டும். ஆளுக என்னமோ பல்லு வலின்னு நெனைச்சுக்குவாங்க. தீவனத்துக்கு நடற கோ-4 புல்லும் இந்த வகைதான். அதுக்கொசரம் கொறங்காட்டுல உடவே கூடாதுன்னு சொல்லல. கூட குதிரைமசால் போடுங்க, அதுல சுண்ணாம்புச் சத்து நல்லா இருக்குது. டாக்டரக் கேட்டுத் தாது உப்பும் குடுங்க.

பச்சைச் சோளத்துல கட்டிப்போட்டு மேய உடறதும் வேண்டாம். மூத்திரப்பை கெட்டு, பின்னங்கால் தள்ளாடும்.

அளவு என்ன? நாளைக்கு ஒடம்பு எடையில ரெண்டு சதம் காய்ஞ்ச தீனி. 550 கிலோன்னா 11 கிலோ. அதுல 8 கிலோவாவது நார்த்தீனி இருக்கோணும். வருசத்துக்கு அதுவே 3 டன் ஆகுதுங்க. தண்ணி 40 லிட்டரு, சித்திரை வெயிலுக்கு அதுக்கும் மேல. யானையக் கட்டித் தீனி போடறதும்பாங்களே, அதுக்குத் தங்கச்சி இது.

இன்னொண்ணு, இத நம்ம பக்கத்து ஆளுக கட்டாயம் கேக்கோணும். பல்லடம், நாமக்கல்லுப் பக்கமெல்லாம் தோட்டத்துக்குத் தோட்டம் கோழிப்பண்ணை. கறிக்கோழித் தீவனத்துல ரத்தக்கழிச்சல் வராம இருக்க மோனென்சின், சலினோமைசின் மாதிரி மருந்து கலப்பாங்க. கோழிக்கு ஒண்ணும் ஆகாது. குதிரைக்கு அது விசம். இருதயத் தசையவே கெடுத்துரும், மாத்து மருந்து கெடையாது. பழைய தீவனச் சாக்குல தவுடு போட்டு வெக்கறது, கோழித்தீவனம் மிச்சமிருக்குதுன்னு கொட்டறது, இதெல்லாம் வேண்டாமுங்க. எனக்குத் தெரிஞ்ச தோட்டத்துல ஒண்ணு இப்படித்தான், ராத்திரி கயிறு அவுத்துக்கிட்டுப் போயி கிழிஞ்ச மூட்டையில வாய வெச்சுருச்சு. பண்ணையம் பாக்கறவரு வயித்து வலின்னு நெனைச்சு ஓமத்தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தாரு.

வெயில் ஒண்ணு இருக்குது. ஒடம்பு பெருக்கற அளவுக்குத் தோலு பெருக்காது. அதனால பெரிய ஒடம்புல சூடு எறங்க நேரமாகும். கட்டுத்தறி கூரை தாழ்வா இருக்கும், குதிரை தலையத் தூக்குனா இடிச்சுக்கும். பன்னெண்டு அடி ஒசரமாவது வேணும், எடம் பதினாலுக்குப் பதினாலு. குட்டியானை வண்டியில ஏத்தவே ஏத்தாதீங்க, வளைவுல வண்டியே சாயும். மருந்து, பூச்சி மாத்திரை எல்லாம் எடைக் கணக்குதான், செலவும் அப்படியே. படுத்துட்டா நாலு ஆளு தூக்க முடியாது. வாங்கறதுக்கு முன்னால ரத்தம் எடுத்து கிளாண்டர்ஸ் நோய் இருக்குதான்னு பாத்துருங்க, அது மனுசனுக்கும் தொத்தும்.

இத்தன கேட்டவரு, நான் எதிர்பாத்தத மட்டும் கேக்கல. லாடம் கட்ட ஆளு இருக்குதா? ஆறுல இருந்து எட்டு வாரத்துக்கு ஒருக்கா கொளம்பு சீவி லாடம் மாத்தோணும். மாட்டுக்கு லாடம் கட்டறவரு நம்மூர்ல இன்னும் ஒண்ணு ரெண்டு பேரு இருக்கறாங்க. ஆனா மாட்டுக்கொளம்பு பொளந்தது, லாடம் ரெண்டு துண்டு. குதிரைக்கு ஒரே வளையம். சீவற சாய்வு ஒரு விரக்கடை தப்புனாலும் பாரமெல்லாம் காலோட தசைநாருல எறங்கும். 540 கிலோவும் மேல 108ம்!

பதிமூணாம் நூற்றாண்டு கடைசியில பாண்டிய நாட்டுப் பக்கம் மார்க்கோ போலோ வந்தாருல்லீங்களா, அவரு சொல்லிருக்கறாரு. அரபு நாட்டுல இருந்து கப்பல் கப்பலாக் குதிரை வந்து எறங்குதாம், ராசாக்க கொட்டிக் குடுத்து வாங்கறாங்களாம், வருசம் திரும்பறதுக்குள்ள பெரும்பாலும் செத்துப் போகுதாம். ஏன்னா லாடம் கட்ட ஆளில்ல, பாக்கத் தெரிஞ்ச ஆளில்ல. பெரிய குதிரையோட பெரிய குதிரைய சேத்தாலும் இங்க பொறக்கற குட்டி காலு கோணிப் பொறக்குதுன்னும் சொல்லிருக்கறாரு. எழுநூறு வருசமா காலுதானுங்க பேச்சு!

அதுக்குத்தான் நான் மட்டக்குதிரை மட்டக்குதிரைன்னு, நம்மூரு குட்டைக் குதிரையச் சொல்லிக்கிட்டே இருக்கறது. பழனியில ஜட்கா இழுத்த மட்டம் பாத்தவங்க இருப்பீங்க. வெயிலுக்கு அசராது, கொளம்பு கல்லு. மார்வாரி, கத்தியவாரி, ஸ்பிடி, மணிப்புரி எல்லாம் சர்க்காரு பட்டியல்ல பதிவு பண்ணுன இனம். நம்ம மட்டத்துக்கு அந்தப் பட்டியல்ல எடமில்ல. ஒருத்தரும் கேக்கல, அதான். 98 கிலோவுக்கு அது ஆகாது, அத ஒத்துக்கறன். ஆனா வண்டியில கட்டிப் பாருங்க, நீங்க பின்னால உக்காந்துக்கலாம். ஊட்டுல இருக்கறவங்களும் கூட உக்காந்துக்குவாங்க, சண்டையும் தீரும்.

இல்லீங்க, எனக்கு அந்த நெட்டைதான் வேணும்ங்கறீங்களா? சரி. ஆடி வரட்டும், அந்தியூர் குருநாதசாமி நோம்பியில குதிரைச் சந்தை கூடும், அதுக்கு மொத நாளே வந்துருங்க. கூட்டம் ஏறிருச்சுன்னா குதிரைய ஓட உட்டுப் பாக்க எடம் கெடைக்காது. நேரா உங்களப் பாத்து ஓடி வரச் சொல்லுங்க, திரும்பிப் போகச் சொல்லுங்க, புழுதியில இல்லாம கெட்டி நெலத்துல. அந்த ஏவாரியவும் அங்கியே வரச் சொல்லிருங்க. சந்தைக்கு லாடம் கட்டறவங்களும் வருவாங்க. குதிரைக்கு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னால, உங்க தோட்டத்துக்கு ஒண்ணரை, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வருவாரான்னு அவங்கள்ல ஒருத்தரக் கேட்டு போன் நம்பரு வாங்கிக்குங்க. வரமாட்டேன்னுட்டா காச மடியிலயே வெச்சுக்கிட்டு ஊரு போயிச் சேருங்க.

அடுத்த கேள்வி, தாராபுரத்துல இருந்து ஒரு அம்மிணி எருமைக்கு மடி நோய் பத்திக் கேட்டுருக்கறாங்க.