பரணைக் காலி செய்வதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம்.

ஓய்வு பெற்றவர்கள் வீட்டில் கொஞ்ச நாளிலேயே ஒரு பேச்சு வரும். "இனிமே வீட்லதானே இருக்கீங்க, அந்தப் பரணை ஒழிச்சுடலாமே" என்று வீட்டில் சொல்வார்கள், இல்லையென்றால் வெளியூரிலிருந்து மகள் போனில் சொல்வாள். நியாயமான பேச்சுதான். நான் கிளை நூலகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். பாத்திரம், துணிமணி, நாற்காலி எல்லாவற்றையும் தாராளமாகக் கொடுங்கள். எழுத்து உள்ள காகிதத்தை மட்டும் பிரித்துப் பார்க்காமல் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

சீராக வந்த பித்தளை அண்டா, பெயர் வெட்டிய எவர்சில்வர் தூக்கு, பேரப்பிள்ளைகள் படுத்த மரத்தொட்டில் இதெல்லாம் யாருக்கு உபயோகமோ அவர்களிடம் போகட்டும். பிள்ளைகள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார்கள், அண்டாவை எங்கே வைப்பார்கள்?

காகிதத்துக்கு வருவோம். நூலகத்துக்கு நன்கொடையாக வருபவை பெரும்பாலும் பழைய பரீட்சை கைடுகளும், எங்கும் கிடைக்கிற நாவல்களும்தான். அதே வீட்டில் 1960-களின் கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு விழா நோட்டீஸ், தொழிற்சங்கத் துண்டறிக்கை, மளிகைக் கணக்கு எழுதிய நோட்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும். அச்சான புத்தகத்துக்கு இன்னொரு பிரதி எங்கேயாவது இருக்கும். அம்மா கைப்பட எழுதிய வரவு செலவு நோட்டுக்கு ஏது இன்னொரு பிரதி?

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் அப்பாவின் ரேடியோ லைசென்ஸ் புத்தகம் கிடைத்தது. சின்னக் கையேடு, அட்டையின் ஓரம் பூச்சி அரித்திருக்கிறது. உள்ளே வருஷத்துக்கு ஒரு ஸ்டாம்ப், அதன் மேல் தபால் நிலைய முத்திரை. வீட்டில் ரேடியோ வைத்திருக்கத் தபால் நிலையத்தில் பணம் கட்டிய காலம் அது. எண்பதுகளில்தான் அந்த வழக்கம் ஒழிந்தது. இன்று இந்த உரையைக் கேட்கும் இளைஞர்களுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. அந்தக் கையேட்டைப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும்.

இப்படிப்பட்ட காகிதங்களின் அருமை தெரிந்தவர் செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ், கடிதம் என்று மற்றவர்கள் தூக்கிப் போடுவதையும் சேர்த்தார். 1992-இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. வாங்கியும் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே நூலகமாக்கினார்கள். நான் மனசார மதிக்கும் முடிவு அது. இன்று தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்பவர்கள் தேடிப் போகும் இடங்களில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் ஒன்று.

சரி, வீட்டில் எப்படிப் பிரிப்பது? ஓய்வூதியக் கொடுப்பாணை, பணிப்பதிவேட்டு நகல், வங்கிப் புத்தகம் மூன்றையும் முதலில் தனி உறையில் போட்டு, அது எங்கே இருக்கிறதென்று துணைவியிடமோ துணைவரிடமோ காட்டிவிடுங்கள். குடும்ப ஓய்வூதியம் கேட்டு விண்ணப்பிக்கும் நேரத்தில் இந்தக் காகிதங்களைத் தேடி அலையும் பெண்களைப் பார்த்திருக்கிறேன், அந்தக் கஷ்டம் யாருக்கும் வர வேண்டாம்.

அப்புறம் புகைப்படங்கள். பின்பக்கம் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று எழுதுங்கள். பேனா மை நாளாக நாளாக மறுபக்கம் ஊறிவிடும். அத்தைக்குப் பக்கத்தில் நிற்கும் பெண் யாரென்று வீட்டில் உங்கள் ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கும். பழைய காகிதங்களிலிருந்து துருப்பிடித்த குண்டூசிகளை மெதுவாகக் கழற்றிவிடுங்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். ஒட்டியதைப் பிறகு காகிதம் கிழியாமல் பிரிக்க முடியாது.

பிரித்ததில் ஊர் சம்பந்தப்பட்டதை ஒரு கட்டாகக் கட்டி, என்னென்ன இருக்கிறதென்று பட்டியல் எழுதி, பக்கத்திலுள்ள கல்லூரித் தமிழ்த் துறையிலோ வரலாற்றுத் துறையிலோ காட்டுங்கள். கொடுக்க மனம் வராவிட்டால் படமெடுத்துக்கொள்ளவாவது அனுமதியுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகு பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுங்கள். நன்றி, வணக்கம்.